மூன்று அடி, மூன்று அளவு: ஷோப்பனின் மசூர்காக்கள்

ஒரு சச்சரவிலிருந்து தொடங்குகிறேன். 1842ஆம் ஆண்டு, பாரிஸ் நகரில் ஃப்ரெடெரிக் ஷோப்பனின் வீடு. ரஷ்யாவிலிருந்து வந்திருந்த வில்ஹெல்ம் ஃபான் லென்ஸ் என்ற மாணவர், ஓபஸ் 33 தொகுதியிலுள்ள சி மேஜர் மசூர்காவை வாசித்துப் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார். அப்போது மேயர்பேர் உள்ளே வந்தார். ஐரோப்பாவின் ஆபரா மேடைகளில் அன்று மிகப் பெரிய பெயர்களில் ஒன்று அவருடையது. சற்று நேரம் கேட்டிருந்துவிட்டு, இது இரண்டு தட்டுத் தாளம் என்றார். மூன்று தட்டு என்றார் ஷோப்பன். மாணவரை மறுபடி வாசிக்கச் சொல்லி, பென்சிலால் பியானோவின் மேல் தட்டிக் காட்டினார். மேயர்பேர் ஒப்பவில்லை. குரலை உயர்த்தியே அறியாத ஷோப்பன் அன்று முகம் சிவந்து கத்தினார். தாமே உட்கார்ந்து, உரக்க எண்ணிக்கொண்டு, காலால் தரையில் மிதித்தபடி அதையே பலமுறை வாசித்தார். அப்போதும் மேயர்பேர் அசைந்து கொடுக்கவில்லை. இருவரும் மனக்கசப்போடு பிரிந்தார்கள். லென்ஸ் இதைப் பிற்காலத்தில் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார்.

இதைப் பெரிய மனிதர்களின் கோபதாபக் கதையாகக் கேட்டுவிட்டுப் போவது சுலபம். ஆனால் இதற்குள் ஒரு கேள்வி இருக்கிறது. இசைத்தாளில் மூன்று என்று அச்சிட்டிருக்கிறது. எழுதியவரே எதிரில் நின்று மூன்று என்கிறார். மேயர்பேரோ தாளம் அறியாதவர் அல்லர்; ஆபராக்களின் நடனக் காட்சிகளுக்கும் இசை எழுதியவர். அவர் காதில் ஏன் அது இரண்டாக விழுந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியில்தான், ஷோப்பனின் மசூர்காக்களுக்கும் போலந்துக் கிராமத்து ஆட்டத்துக்கும் உள்ள உறவு என்ன என்பது தெளிவாகும் என்று நினைக்கிறேன். அந்த உறவு மெட்டில் இல்லை. ஆடுகிறவர்களின் கால் காலத்தை எப்படிப் பங்கிடுகிறது என்பதில் இருக்கிறது. இன்று நான் நிறுவ முயல்வது இது ஒன்றைத்தான்.

லென்ஸ் ஒருவருடைய சாட்சியம் மட்டும் இருந்தால் ஐயப்படலாம். அவர் கதையை அழகுபடுத்திச் சொல்லக்கூடியவர். ஆனால் வேறொரு சாட்சியும் உண்டு. பிற்காலத்தில் மான்செஸ்டரில் தம் பெயரால் இசைக்குழு நிறுவிய சார்ல்ஸ் ஹாலே, இளமையில் பாரிஸில் ஷோப்பனோடு பழகியவர். மசூர்காக்களை ஷோப்பன் வாசிக்கும்போது ஆவர்த்தத்தின் முதல் சுரத்தில் அவ்வளவு நேரம் நின்றுவிடுவதால், மூன்று தட்டுக்குப் பதில் நான்கு தட்டுபோல ஒலிக்கிறதே என்று அவர் ஒருநாள் கேட்டுவிட்டார். ஷோப்பன் அழுத்தமாக மறுத்தார். ஹாலே அவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்று ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று உரக்க எண்ணினார். எண்ணிக்கை பிசகில்லாமல் பொருந்தியது. ஷோப்பன் சிரித்துவிட்டார், இது எங்கள் நாட்டு ஆட்டத்தின் இயல்பு என்று விளக்கினார். ஹாலே அடுத்து எழுதுவதுதான் முக்கியம்: எண்ணினால் நான்கு வருகிறது, ஆனால் கேட்கும்போது மனத்தில் படுவது மூன்று தட்டு நடைதான். இந்த நினைவுக்குறிப்பு வெளியானது 1896இல், ஹாலே மறைந்த பிறகு. நடந்ததற்கும் அச்சானதற்கும் நடுவே ஏறக்குறைய ஐம்பது ஆண்டு இடைவெளி என்பதை மறைக்க வேண்டியதில்லை. இருந்தாலும் தனித்தனியே எழுதிய இருவர், ஒரே விந்தையை ஒரே மனிதரின் வாசிப்பில் கேட்டிருக்கிறார்கள்.

ஒருவர் இரண்டு என்கிறார், மற்றவர் நான்கு என்கிறார். சாட்சிகளே முரண்படவில்லையா என்று கேட்கலாம். சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று தட்டில் முதலாவது மற்றவற்றைப்போல் இரு மடங்கு நீண்டால், மொத்தம் இரண்டும் ஒன்றும் ஒன்றும், அதாவது நான்கு. அதையே வேகமாக எண்ணுகிறவர், ஒரு முழுத் தட்டும் இரண்டு அரைத் தட்டும் என்று எடுத்துக்கொண்டு இரண்டு என்பார். மேயர்பேர் கேட்டதும் ஹாலே கேட்டதும் ஒரே பங்கீடாகவே இருந்திருக்கலாம். சரி, அப்படியானால் ஷோப்பன் ஏன் மூன்றை விட்டுக்கொடுக்கவில்லை? அவர் எண்ணியது நேரத்தை அல்ல, அடிகளை. ஆடுகிறவர் ஓர் ஆவர்த்தத்தில் மூன்று முறை காலை மாற்றி வைக்கிறார். ஓர் அடியில் அவர் நின்று நிதானித்தாலும், இன்னோர் அடியைப் பறித்துக்கொண்டு போனாலும், வைத்த அடி மூன்றுதான். நம் யாப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. நேரசையும் ஓர் அசை, நிரையசையும் ஓர் அசை. மாத்திரையில் அவை ஒன்றல்ல, ஆனால் சீரில் எண்ணும்போது இரண்டுக்கும் ஒரே மதிப்பு. அடிகளை எண்ணுகிறவரும் மாத்திரையை அளக்கிறவரும் ஒரே இசையைக் கேட்டு வெவ்வேறு எண் சொல்லத்தான் செய்வார்கள். பென்சிலால் தட்டியது போதாமல் ஷோப்பன் காலால் மிதித்துக் காட்டினார் என்று லென்ஸ் எழுதுவதை வெறும் கோபமாக நான் படிக்கவில்லை. அந்த மூன்று எங்கே இருக்கிறது என்பதை அவர் கால் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மசூர்கா என்பது ஒரே ஆட்டத்தின் பெயரல்ல. நெருங்கிய உறவுள்ள பல ஆட்டங்களுக்கு வெளிநாட்டார் இட்ட பொதுப்பெயர் என்று கொள்ளலாம். வார்சாவைச் சூழ்ந்த மசோவியா சமவெளியின் மிடுக்கான ஆட்டம் மசுர். அதற்கு மேற்கே குயாவி வட்டாரத்தின் மெதுவான, இழைந்து செல்லும் ஆட்டம் குயாவியாக். சுழன்று சுழன்று வேகமாக ஆடுவது ஓபெரெக். மூன்றுக்கும் பொதுவான ஓர் அமைப்பு உண்டு: ஆவர்த்தத்தின் தொடக்கத்தில் குறுகிய சுரங்கள், பிறகு நீண்ட சுரங்கள். அதனால் அழுத்தம் முதல் தட்டில் நிலைக்காமல் இரண்டாவதற்கோ மூன்றாவதற்கோ நகர்ந்துவிடுகிறது. அடுத்த ஆவர்த்தத்திலேயே இடம் மாறவும் செய்கிறது. குதிகாலால் தரையை மிதிப்பதும் அங்கேதான் விழும். போலிஷ் மொழிச் சொற்களில் அழுத்தம் பெரும்பாலும் ஈற்றயலசையில் விழும் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கிராமத்துப் பாடல் வரி அழுத்தமில்லாத அசையில் முடியும்; மெட்டும் வலுவான தட்டில் வந்து அமராமல் அதைக் கடந்துபோய் முடியும். ஷோப்பனின் மசூர்காக்களில் வாக்கியங்கள் முதல் தட்டில் முற்றுப்பெறாமல் இரண்டிலோ மூன்றிலோ கால் ஊன்றி நிற்பதை, கேட்டுப் பழகிய எவரும் உணரலாம்.

வியன்னா வால்ஸிலும் தட்டுகள் சம அளவல்லவே, அங்கே இரண்டாவது தட்டு சற்று முந்தி வருமே, மசூர்காவுக்கு மட்டும் என்ன தனிச்சிறப்பு என்று ஒருவர் தடை எழுப்பலாம். உண்மைதான். ஆனால் வால்ஸில் முதல் தட்டின் ஆட்சி அசைவதில்லை. மசூர்காவில் அந்த ஆட்சியே கைமாறிக்கொண்டிருக்கிறது. அதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 1830 நவம்பர் தொடக்கத்தில் வார்சாவை விட்டுப் புறப்பட்ட ஷோப்பன் சில மாதங்கள் வியன்னாவில் தங்கினார். வியன்னாவுக்கே உரிய எதுவும் தம்மிடம் ஒட்டவில்லை, வால்ஸைக்கூட ஒழுங்காக ஆட வரவில்லை, தம் பியானோ கேட்பதெல்லாம் மசுர்தான் என்ற கருத்தில் அங்கிருந்து எழுதினார். வால்ஸின் இசைத்தாளை அவரால் படிக்க முடியாதா? பார்த்த மாத்திரத்தில் வாசித்திருப்பார். தாளில் இல்லாத ஒன்று அந்த ஊர்க்காரர்களின் உடம்பில் இருக்கிறது, அது தமக்கு வரவில்லை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓர் ஆட்டத்தின் கால அளவு உடம்பு வழியாகத்தான் கைமாறும் என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்தவர், தம் ஊர் ஆட்டத்தை வெறும் மெட்டாகக் கருதியிருப்பார் என்று நம்ப முடியவில்லை.

அவர் உடம்புக்கு அது எங்கே வந்தது? 1810இல் மசோவியாவின் ஜெலாஸோவா வோலாவில் பிறந்தாலும் குழந்தைப் பருவத்திலேயே வார்சாவுக்குக் குடிவந்துவிட்ட நகரத்துப் பிள்ளை அவர். தந்தை பிரான்ஸின் லொரேன் பகுதியிலிருந்து வந்த ஆசிரியர். ஆனால் 1824, 1825 கோடை விடுமுறைகளைப் பள்ளித் தோழன் ஒருவனின் குடும்பத்தாருடைய ஊரான சஃபார்ணியாவில் கழித்தார். அங்கிருந்து வீட்டுக்கு எழுதிய கடிதங்களைச் செய்தித்தாள் வடிவில் விளையாட்டாக எழுதினார். தம் பெயரின் எழுத்துகளை மாற்றிப்போட்டு பிஷோன் என்று ஒப்பமிட்டுக்கொண்டார். வேலிமேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்த ஒரு கிராமத்துப் பெண்ணிடம், மூன்று குரோஷ் காசு தருவதாகச் சொல்லி மறுபடி பாடவைத்த செய்தி அதில் வருகிறது. அவள் பாடியது ஒரு மசுரெக், அதாவது மசுர் நடைப் பாட்டு. அடுத்த ஆண்டு அறுவடைக் கொண்டாட்டத்தை விவரிக்கும் கடிதம் இன்னும் முக்கியமானது. பிடில் ஒலிக்கிறது, ஊரார் ஆடுகிறார்கள், பதினைந்து வயது ஷோப்பன் ஒற்றைத் தந்தி மட்டும் மிஞ்சியிருந்த பாஸெட்லாவை எடுத்து இழுக்கத் தொடங்குகிறார். பாஸெட்லா என்பது கிராமத்துக் குழுவில் கீழ்ச்சுரம் பிடிக்கும் பெரிய தந்திக்கருவி. அதன் வேலை மெட்டு அல்ல. ஆடுகிறவர்களின் கால் விழும் இடத்தை விடாமல் ஊன்றிக் கொடுப்பது. மெட்டை மட்டும் சேகரிக்க வந்தவராக இருந்தால் பிடிலின் பக்கம்தான் போயிருப்பார். இவர் கை போனது காலத்தைப் பிடிக்கும் கருவிக்கு. பிற்காலத்து மசூர்காக்களில் இடக்கை என்ன செய்கிறது என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒற்றைத் தந்தி நினைவுக்கு வருகிறது.

இனி வலுவான மறுப்புக்கு வருவோம். ஹங்கேரியக் கிராமங்களில் அலைந்து பாடல்களை ஒலிப்பதிவு செய்த பேலா பார்டோக், ஷோப்பனுக்கு உண்மையான குடியானவர் இசையைக் கேட்கும் வாய்ப்பு இருந்திருக்காது என்று கருதினார். அவரை எட்டியது நகரத்தாரும் நிலவுடைமையாளரும் பூசிமெழுகிய வடிவம்தான் என்பது அவர் கட்சி. 1999இல் பார்பரா மிலெவ்ஸ்கி என்ற ஆய்வாளர் இன்னொரு பக்கத்திலிருந்து அடித்தார். மசூர்காக்களில் இன்ன நாட்டுப்பாடல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னதைப் பலர் திருப்பிச் சொல்லி வந்தார்களே தவிர, ஆதாரம் கிடையாது என்று காட்டினார். ஓபஸ் 68, எண் 3இன் நடுப்பகுதி ஒரு நாட்டுப்பாடலின் மெட்டு என்ற புகழ்பெற்ற கூற்றும் அவர் சோதனையில் தேறவில்லை. அவர் வாதத்தை நான் ஏற்கிறேன். ஷோப்பன் மெட்டுகளை எடுத்தாளவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதிலிருந்து, கிராமத்துக்கும் இந்த இசைக்கும் தொடர்பே கற்பனைதான் என்று முடிவு கட்டுவது ஒரு படி கூடுதல். மெட்டு வரவில்லை என்பதற்குச் சான்று, நடை வரவில்லை என்பதற்குச் சான்றாகாது. பார்டோக்குக்கும் இதுவே பதில். ஒரு மெட்டு கிராமத்திலிருந்து மாளிகைக்குப் போகும்போது நாகரிகப்படுத்தப்படலாம், சுரங்கள் திருத்தப்படலாம். ஆனால் மசுர் ஆட்டத்தைக் குடியானவர்களும் ஆடினார்கள், நிலவுடைமையாளர்களும் ஆடினார்கள், வார்சா நகரத்தாரும் ஆடினார்கள். சஃபார்ணியாவில் ஒரே முற்றத்தில் இரு சாராரும் நின்றார்கள். கால் பழக்கத்துக்கு வேலி போடுவது கடினம்.

ஒலியிலும் கிராமத்தின் அடையாளங்கள் இல்லாமல் இல்லை. அவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வழக்கமாக எல்லோரும் சுட்டிக்காட்டுவது இவற்றைத்தான். தோல்பையில் காற்றடைத்து ஊதும் தூடி என்ற கருவியில் ஒரு சுருதி ஓயாமல் ஒலிக்கும். ஓபஸ் 6இலும் 7இலும் இடக்கையில் ஷட்ஜ பஞ்சமம்போல இரண்டு சுரங்கள் மாறாமல் நிற்பது அந்த ஒலிதான். ஓபஸ் 24, எண் 2, ஓபஸ் 56, எண் 2, ஓபஸ் 68, எண் 3 ஆகியவற்றில் நான்காவது சுரம் உயர்ந்து வரும். மேல்நாட்டார் அதை லிடியன் என்பார்கள், நம் காதுக்குக் கல்யாணியின் பிரதி மத்தியமமாகக் கேட்கும். இதைக் கொண்டு இரு இசைகளுக்கும் உறவு கற்பிக்க வேண்டாம். சுரம் எது என்று புரிந்துகொள்ள மட்டும் இந்த ஒப்பீடு. இந்த அடையாளங்கள் வார்சாவின் நாடக மேடையிலும் கிராமியம் என்ற முத்திரையோடு புழங்கியவை. எனவே இவற்றை வைத்து மட்டும் வாதிட்டால் மிலெவ்ஸ்கி வென்றுவிடுவார். சுருதியையும் உயர்ந்த மத்தியமத்தையும் யார் வேண்டுமானாலும் தாளைப் பார்த்து நகல் எடுக்கலாம். மேயர்பேரால் நகல் எடுக்க முடியாமல் போனது வேறொன்று.

அது வெறும் ருபாட்டோதானே, ரொமான்டிக் காலத்துக் கலைஞர்கள் எல்லோரும் உணர்ச்சிக்கேற்ப நீட்டியும் குறுக்கியும் வாசித்தவர்கள்தானே என்ற கேள்வி எஞ்சுகிறது. இதற்கு ஷோப்பனின் வகுப்பறையே விடை தருகிறது. அவர் மாணவர் கரோல் மிகூலி சொல்வதன்படி, பியானோவின் மேல் தட்டை அளந்து ஒலிக்கும் மெட்ரோனோம் எப்போதும் இருக்கும். இடக்கைதான் குழுவை நடத்துபவர், அது தளரக்கூடாது என்பது மாணவர்கள் பலர் பதிவுசெய்த அவருடைய கண்டிப்பு. உணர்ச்சிவசப்பட்டுத் தாளத்தை நெகிழவிடுகிற மனிதரின் பேச்சல்ல இது. அப்படியிருக்க ஹாலே கேட்ட நீண்ட முதல் தட்டு எங்கிருந்து வந்தது? ஹாலேயின் சோதனையை மறுபடி எண்ணிப் பாருங்கள். அவர் எண்ணிய நான்கு பிசகில்லாமல் பொருந்தியது என்கிறார். ஆவர்த்தங்கள் ஒவ்வொன்றும் தம் இஷ்டத்துக்கு நீண்டும் குறுகியும் போயிருந்தால் எந்த எண்ணிக்கையும் பொருந்தியிருக்காது. ஆவர்த்தம் உறுதியாக நின்றிருக்கிறது. அதன் உட்பங்கீடு மட்டும் சமமில்லாமல் இருந்திருக்கிறது. கண்டிப்பும் சமமின்மையும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு அவருடைய அந்த ஒரு சோதனையே போதும். இது கலைஞனின் நெகிழ்ச்சி அல்ல, ஆட்டத்தின் ஒழுங்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்தின் கிராமங்களில் பெரிய அளவில் ஒலிப்பதிவு நடத்திய யத்விகா, மரியான் சொபியெஸ்கி தம்பதி, ஷோப்பனின் ருபாட்டோவையும் கிராமத்து இசையின் நெகிழ்காலத்தையும் ஒப்பிட்டு ஆராயத் துணிந்ததும், அங்கே பிடில்காரர்களின் தட்டுகள் தாளில் எழுதும் அளவுக்குள் அடங்காமல் ஒலித்ததால்தான்.

அப்படியென்றால் ஷோப்பன் ஏன் இரண்டு, ஒன்று, ஒன்று என்றே எழுதிவைத்திருக்கக் கூடாது? எழுதியிருந்தால் அது உறைந்துபோயிருக்கும். குயாவியாக்கின் நீட்சி வேறு, ஓபெரெக்கின் நீட்சி வேறு. ஒரே மசூர்காவுக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடங்கள் ஏராளம். நான்கு என்று அச்சிட்டால் வாசிக்கிறவர் அணிவகுப்பு நடைக்குப் போய்விடுவார், மூன்று அடி காணாமல் போகும். மூன்று என்று அச்சிட்டால் குறைந்தது எண்ணாவது காப்பாற்றப்படும். கிராம இசையை எழுத்தில் கொண்டுவருவதன் ஆபத்தை அவர் நன்றாக அறிந்திருந்தார். ஒஸ்கார் கோல்பெர்க் என்பவர் போலந்தின் நாட்டுப்பாடல்களைச் சேகரித்துப் பியானோப் பக்கவாத்தியத்தோடு வெளியிட்டபோது, 1847இல் வீட்டுக்கு எழுதிய கடிதத்தில் ஷோப்பன் அதை மெச்சவில்லை. நோக்கம் நல்லது, தோள்தான் போதாது என்பதுபோல வருந்தினார். கோல்பெர்க்கைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமல்ல. 1857இல் வெளியிட்ட தொகுதியில் அவர் பக்கவாத்தியத்தை விட்டுவிட்டு மெட்டுகளை உள்ளபடி தந்தார். வாழ்நாள் முழுக்க அவர் சேர்த்த பாடல்கள் இல்லாமல் இன்று அந்த இசையைப் பற்றிப் பேசவே முடியாது. ஆனால் இருவரும் வெவ்வேறு பொருளைக் காப்பாற்றினார்கள். கோல்பெர்க் மெட்டைக் காப்பாற்றினார்.

ஷோப்பன் மசூர்காக்களை ஆடுவதற்கென்று எழுதவில்லை, அவரே 1830இல் ஒரு மசூர்காவைப் பற்றி இது ஆட்டத்துக்கல்ல என்று எழுதியிருக்கிறாரே, பிறகு கால் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். ஆம், எழுதினார். அவருக்கு முன்னால் மரியா ஷிமனோவ்ஸ்கா எழுதிய மசூர்காக்கள் ஆடத்தக்கவை. சிறியவை, சீரானவை, இனிமையானவை. ஷோப்பனின் மசூர்காக்கள் ஆடுகிறவரின் காலை இடறிவிடும் என்பது உண்மை. ஆனால் ஆட்டத்தை விட்டு விலகியது வேறு, ஆட்டத்தின் கேள்வியை எடுத்துக்கொண்டு நெடுந்தூரம் போனது வேறு. ஓபஸ் 63, எண் 3இன் முடிவைப் பாருங்கள். அங்கே ஒரே மெட்டை இரண்டு குரல்கள் பின்தொடர்ந்து பாடுகின்றன. அந்த உத்தியைக் கேனன் என்பார்கள், பாக் காலத்துப் புலமை அது. இரண்டாவது குரல் ஒரே ஒரு தட்டு தள்ளிப் புறப்படுகிறது. அதனால் ஒரு குரலின் இரண்டாம் தட்டு அழுத்தம் மற்றதில் மூன்றாம் தட்டில் விழுகிறது. அழுத்தம் இடம் மாறும் கிராமத்துப் பழக்கம்தான் இங்கே புலமையின் உச்சியில் வேறு உடையில் நிற்கிறது. நாட்டுப்புறக் கச்சாப்பொருளை எடுத்து உயர்ந்த கலையாகச் செதுக்கினார் என்று பாராட்டுகிற வழக்கத்தை நான் ஏற்காததற்குக் காரணம் இதுதான். கச்சாப்பொருளாக இருந்திருந்தால் செதுக்கும்போது உதிர்ந்திருக்க வேண்டும். இங்கே உதிர்ந்தது மெட்டு, மரபான முடிவு, சதுரமான அமைப்பு எல்லாம். உதிராமல் நின்றது நடை. ஆட்டம் பியானோவிடம் பாடம் கேட்கவில்லை. பியானோதான் ஆட்டத்திடம் கேட்டது.

இவ்வளவு சொன்னபின் ஒரு பள்ளம் காத்திருக்கிறது: அப்படியானால் போலந்துக்காரர்தான் இதை வாசிக்க முடியும் என்று சொல்லிவிடுவது. அப்படித் தோன்றுவதற்கு வரலாறும் காரணம்: 1795இல் மூன்றாவது பங்கீட்டோடு வரைபடத்திலிருந்தே அழிக்கப்பட்ட நாடு அது. 1830 நவம்பரில் எழுந்த கிளர்ச்சி அடுத்த ஆண்டே நசுக்கப்பட்டது. 1836இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷூமன் எழுதினார், இந்த எளிய மசூர்கா மெட்டுகளில் பதுங்கியிருக்கும் ஆபத்தை வடக்கின் பேரரசரான ரஷ்ய ட்சார் அறிந்தால் இவ்விசையையே தடைசெய்வார் என்ற கருத்தில். ஒரு மக்களின் நெஞ்சில் இந்த இசைக்குள்ள இடத்தை நான் சிறிதும் குறைக்கவில்லை. அவர்களுடைய தேசிய கீதமே ஒரு மசுரெக்தான். ஆனால் உடம்பு வழியாக வருவதும் இரத்தம் வழியாக வருவதும் ஒன்றல்ல. உடம்பு கற்றுக்கொள்ளும். 1927இல் வார்சாவில் தொடங்கிய ஷோப்பன் போட்டியில் மசூர்கா வாசிப்புக்கென்றே தனிப் பரிசு முதலிலிருந்து உண்டு. 1955இல் அதைப் பெற்றவர் சீனாவின் ஃபூ ட்சாங். 1965இல் அர்ஜென்டினாவின் மார்த்தா ஆர்கெரிச். 1980இல் வியட்நாமின் டாங் தாய் சொன். போலந்து நடுவர்களும் உட்கார்ந்து கேட்ட மேடையில் கிடைத்த பரிசுகள் இவை.

காதுக்குச் சான்று வேண்டுவோர் பழைய பதிவுகளைத் தேடிக் கேட்க வேண்டும். கிராக்கோவை ஒட்டிய போட்கூஷேயில் 1882இல் பிறந்த இக்னாஸ் ஃபிரீட்மன் 1930இல் பதிவுசெய்த மசூர்காக்களில் எந்தத் தட்டும் அடுத்த தட்டின் அளவில் இல்லை; ஆனாலும் கேட்கிறவர் மூன்றைத் தவறவிடுவதில்லை. ஹாலே சொன்ன அதே விந்தை, இம்முறை இசைத்தட்டில். ஆர்தர் ரூபின்ஸ்டைன் மசூர்காத் தொகுதியை மூன்று முறை பதிவுசெய்தார், 1930களின் இறுதியில், 1950களின் தொடக்கத்தில், 1960களின் நடுவில். மூன்றிலும் பங்கீடு ஒன்றல்ல. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரியில் நிக்கோலஸ் குக் தலைமையில் ஓர் ஆய்வுக் குழு, ஏராளமான மசூர்காப் பதிவுகளைத் தட்டுத் தட்டாகக் கணினியில் அளந்தது. எல்லோரும் வெவ்வேறாக நீட்டுகிறார்கள் என்றால் அதில் என்ன மரபு இருக்கிறது என்று இந்த வேறுபாட்டைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. எழுதாத பங்கீடு ஒவ்வொரு கையிலும் வேறுபடத்தான் வேறுபடும். ஒரு கிராமத்துப் பிடில்காரரும் பக்கத்து ஊர்க்காரரும்கூட ஒன்றுபோல வாசிப்பதில்லை. வேறுபாடு இருப்பது எனக்குத் தடையாகத் தெரியவில்லை. மூன்றையும் சமமாகப் பகிர்ந்து வாசிக்கும் வாசிப்புதான், சுரம் ஒன்றுகூடத் தவறாதபோதும், வேறேதோ ஓர் இசையாகக் கேட்கிறது.

ஷோப்பன் உயிரோடிருந்தபோது தொகுதிகளாக வெளியான மசூர்காக்கள் நாற்பத்தொன்று. 1832இல் வெளியான ஓபஸ் 7 தொகுதியின் ஐந்தாவதைச் சொல்லி நிறுத்துகிறேன். ஒரு நிமிடம் போதும் அதை வாசிக்க. இடக்கையில் தனியாக ஒரே சுரம், ஊன்றி ஊன்றி, மெட்டே இல்லாமல் தொடங்குகிறது. பாஸெட்லாக்காரர் முதலில் தொடங்கிவிட்டார், பிடில்காரர் இன்னும் வந்து சேரவில்லை என்பதுபோல. பிறகு குறும்பான ஒரு சிறு மெட்டு வந்து சேர்ந்துகொள்கிறது. தாளின் கடைசியில் முடிவுக் குறிக்குப் பதிலாக ஷோப்பன் ஓர் ஆணை எழுதியிருக்கிறார்: குறியிட்ட இடத்துக்குத் திரும்பு, முடிவில்லாமல். கிராமத்தில் ஆட்டம் நிற்பது பாட்டு முடிந்ததால் அல்ல, ஆடுகிறவர்கள் களைத்துப்போவதால். மேடையில் உட்கார்ந்திருக்கும் பியானோக்காரருக்கோ எதிரில் ஆடுகிறவர் யாருமில்லை. எத்தனை சுற்று போவது, எந்த அடியில் நிறுத்துவது என்று அவரே முடிவு செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. சிலர் இரண்டாம் சுற்றில் நிறுத்துகிறார்கள், சிலர் ஒலியைத் தேய்த்துக்கொண்டே போய் விட்டுவிடுகிறார்கள்.